டாக்கர்ஷிம் நீங்கிய பிறகு ஆவணங்களைத் திருத்துவது எப்படி

ஒரு மென்பொருளிலிருந்து ஒரு பாகத்தை நீக்குகிறவர்கள் நிரலை நீக்குவதற்குப் பல மாதங்கள் திட்டமிடுகிறார்கள். அந்தப் பாகத்தைப் பற்றி எழுதிவைத்த பக்கங்களை என்ன செய்வது என்ற கேள்வியோ பெரும்பாலும் வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில்தான் எழுகிறது. நிரலில் விடுபட்டுப்போன ஓர் அழைப்பைக் கம்பைலர் காட்டிக்கொடுத்துவிடும். ஆவணத்தில் விடுபட்டுப்போன ஒரு வரியை அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. அந்த வரியை நம்பி யாரோ ஒருவர் கட்டளையைத் தட்டச்சு செய்து, அது தோல்வியடைந்து, தவறு தன் கணினியில்தான் இருக்கிறது என்று எண்ணி அரை நாளைத் தொலைக்கும்போதுதான் அது வெளிப்படுகிறது. ஆவணங்களைப் பராமரிப்பவர்கள் இந்த வேலையை எந்த வரிசையில், எந்தக் கவனத்தோடு செய்ய வேண்டும் என்பதை, பலரும் நேரடியாக அனுபவித்த ஒரு நீக்கத்தை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன். 2022 மே மாதம் வெளியான குபெர்னெட்டீஸ் 1.24 பதிப்பிலிருந்து டாக்கர்ஷிம் நீக்கப்பட்டதுதான் அந்த எடுத்துக்காட்டு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துத் தனித்து இயக்கும் பொதிதான் கன்டெய்னர்; கன்டெய்னர்களைப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் மென்பொருள் குபெர்னெட்டீஸ். அதில் நோடு எனப்படும் ஒவ்வொரு கணினியிலும் கியூப்லெட் என்ற நிரல் இயங்குகிறது. கன்டெய்னர்களை உண்மையில் இயக்கும் மென்பொருளோடு அது பேசுவதற்கென்று, 2016 டிசம்பரில் வந்த 1.5 பதிப்பில் சிஆர்ஐ என்ற பொது இடைமுகம் அறிமுகமானது. கன்டெய்னர்களை உருவாக்கி இயக்கும் டாக்கர் எஞ்சினுக்கு அந்த இடைமுகம் தெரியாது என்பதால், இரண்டுக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிக்கொடுக்கும் ஓர் இணைப்புப் பாகம் கியூப்லெட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது, அதுதான் டாக்கர்ஷிம். அது கைவிடப்படுகிறது என்று 2020 டிசம்பரில் 1.20 பதிப்போடு அறிவித்தார்கள். அறிவிப்பைப் படித்த பலர், டாக்கரில் உருவாக்கிய இமேஜ்கள், அதாவது கன்டெய்னர்களுக்கு மூலமான பொதிகள், இனி குபெர்னெட்டீஸில் இயங்காது என்று புரிந்துகொண்டு பதறினார்கள். பதற வேண்டாம் என்று திட்டத்தினரே தனியாக ஒரு விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. ஒரே பெயர் பல பொருள்களைக் குறிக்கும்போது, நீக்கத்தைப் பற்றி எழுதுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

முதலில் எழுத வேண்டிய அரைப்பக்கம்

எந்தப் பக்கத்தையும் திறப்பதற்கு முன்னால், நீக்கம் பற்றிய உண்மைகளை அரைப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எது நீக்கப்பட்டது, எந்தப் பதிப்பிலிருந்து, எந்தப் பதிப்பு வரை அது இருந்தது, அதன் இடத்துக்கு எது வருகிறது, எதற்கு மாற்றே இல்லை என்பவை அதில் இருக்க வேண்டும். டாக்கர்ஷிம்முக்கு அந்தக் குறிப்பு ஏறத்தாழ இப்படி அமையும்: 1.20 இல் கைவிடல் அறிவிப்பு, 1.23 கடைசிப் பதிப்பு, 1.24 இல் நீக்கம். மாற்றாக, சிஆர்ஐ தெரிந்த கன்டெய்னர் இயக்கிகளான கன்டெய்னர்டி அல்லது கிரை-ஓ. டாக்கர் எஞ்சினையே தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோருக்கு சிஆர்ஐ-டாக்கர்டி என்ற தனி நிரல். இமேஜ்களுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை.

கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது, இயல்புநிலையிலிருந்து எடுக்கப்பட்டது, முற்றிலும் நீக்கப்பட்டது ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள் என்பதை இந்தக் குறிப்பில் கண்டிப்பாகப் பிரித்துக் காட்டுங்கள். அறிவிப்பு நிலையில் இருக்கும் ஒன்றை ஆவணத்திலிருந்து எடுத்துவிட்டால், அது இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளைப் பராமரிப்பவர்கள் கைவிடப்பட்டவர்களாகிவிடுவார்கள். நீக்கப்பட்டுவிட்ட ஒன்றைப் பற்றி ‘விரைவில் நீக்கப்படும்’ என்று எழுதிவைத்த பழைய எச்சரிக்கை அப்படியே கிடந்தாலோ, அது இன்னும் இருப்பதாகவே வாசகர் நம்புவார். இந்த இரண்டாவது தவறைத்தான் நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். எச்சரிக்கையைச் சேர்த்தவருக்கு, அதைத் திரும்ப எடுக்க வேண்டிய நாள் ஒன்று வரும் என்ற எண்ணம் இருந்திருக்காது.

இந்த அரைப்பக்கத்தை அந்தப் பாகத்தின் நிரலை நீக்கிய பொறியாளரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். பிறகு ஐம்பது பக்கங்களில் ஐம்பது பேர் தங்களுக்குத் தோன்றிய ஐம்பது விதமாக எழுதுவதை அது ஒன்றே தடுக்கும்.

பெயரைத் தேடினால் போதாது

அடுத்து, தேட வேண்டிய சொற்களின் பட்டியல். பாகத்தின் பெயரை மட்டும் கோப்புகளில் சொல் தேடும் கிட் கிரெப் கட்டளையில் கொடுத்து, வந்த வரிகளைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். அந்தப் பாகம் இருப்பதாலேயே உண்மையாக இருந்த வாக்கியங்களில் பெரும்பகுதி அதன் பெயரைச் சொல்வதில்லை.

டாக்கர்ஷிம்மையே பாருங்கள். அந்தச் சொல் வரும் இடங்களைக் கண்டுபிடிப்பது எளிது. டாக்கர்ஷிம்.சாக் என்று முடியும் சாக்கெட் முகவரியும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் நெட்வொர்க்-பிளகின், சிஎன்ஐ-பின்-டிர், சிஎன்ஐ-கான்ஃப்-டிர் போன்ற கியூப்லெட் கொடிகளும் (நிரலைத் தொடங்கும்போது தரும் விருப்பத் தேர்வுகள்) டாக்கர்ஷிம்மோடு சேர்ந்தே 1.24 இல் நீக்கப்பட்டன. அவற்றின் பெயரில் டாக்கர் என்ற எழுத்துகளே இல்லை. நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், உள் கையேட்டில் டாக்கர் என்று தேடி எல்லாவற்றையும் திருத்தி முடித்தோம். நோடை அமைக்கும் பக்கத்தில் நெட்வொர்க்-பிளகின் கொடி அப்படியே தங்கிவிட்டது. பதிப்பை உயர்த்திய சக பணியாளர் அந்தப் பக்கத்தைப் பின்பற்றியபோது, அறியாத கொடி என்ற பிழையோடு கியூப்லெட் எழும்பவே மறுத்தது. பக்கத்தில் இருந்ததை அவர் எழுத்துக்கு எழுத்து சரியாகச் செய்திருந்தார். பிழை முழுவதும் ஆவணத்தினுடையது. அன்றிலிருந்து, தேடல் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை நீக்கத்தைச் செய்த நிரல் மாற்றத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். அங்கே அழிக்கப்பட்ட ஒவ்வொரு கொடி, ஒவ்வொரு அமைப்புப் பெயர், ஒவ்வொரு பிழைச்செய்தி, ஒவ்வொரு கோப்பு முகவரியும் பட்டியலுக்கு வந்துவிட வேண்டும்.

அதற்கும் அப்பால் இருப்பவை பாகத்தின் நடத்தையைச் சார்ந்த வாக்கியங்கள். டாக்கர் எஞ்சின் கன்டெய்னர் பதிவுகளை ஜேசன் வடிவில் எழுதியது. சிஆர்ஐ வழியாக இயங்குபவை நேரமுத்திரை, வெளியீட்டு வழி, குறி, செய்தி என்று வேறொரு வரிவடிவில் எழுதுகின்றன. பதிவுகளைத் திரட்டும் ஃபுளுயன்ட்டி போன்ற கருவிகளை அமைக்கச் சொல்லும் பக்கத்தில் டாக்கர்ஷிம் என்ற சொல் ஒருமுறைகூட வராமல் இருக்கலாம். ஆனாலும் அந்தப் பக்கம் பொய்யாகிவிட்டது. டாக்கரின் அமைப்புக் கோப்பில் கன்டெய்னர்களின் வள வரம்புகளைக் கையாளும் சிகுரூப் டிரைவரை சிஸ்டம்டி என்று மாற்றச் சொல்லும் படி, ‘டாக்கர் சேவையை மறுதொடக்கம் செய்யவும்’ என்ற படி, நோடிலேயே இமேஜை உருவாக்கி உடனே பாடில் (குபெர்னெட்டீஸ் ஒன்றாக இயக்கும் கன்டெய்னர் தொகுப்பில்) இயக்கிப் பார்க்கச் சொல்லும் பயிற்சி ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. கடைசியில் சொன்னது குறிப்பாக ஏமாற்றக்கூடியது. டாக்கர் எஞ்சினே கன்டெய்னர்களை இயக்கிய காலத்தில், நோடில் உருவாக்கிய இமேஜ் கியூப்லெட்டின் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. கன்டெய்னர்டிக்கு மாறிய நோடில் டாக்கரின் இமேஜ் சேமிப்பும் கியூப்லெட் பார்க்கும் சேமிப்பும் வேறு வேறு; எனவே உருவாக்கும் கட்டளை வெற்றிபெறும், பாடு மட்டும் இமேஜ் கிடைக்கவில்லை என்று நிற்கும்.

இத்தகைய பக்கங்களை எந்தத் தேடல் கருவியும் கண்டுபிடித்துத் தராது. அந்தத் துறையை இயக்கிப் பழகியவரோடு அமர்ந்து, உள்ளடக்கப் பட்டியலை ஒவ்வொரு தலைப்பாகப் படித்து, ‘இது அந்தப் பாகத்தை நம்பியிருந்ததா?’ என்று கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் பிடிக்கும், தயங்காமல் ஒதுக்குங்கள். படங்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் கட்டமைப்பு வரைபடத்தில் ஒரு பெட்டிக்குள் எழுதியிருக்கும் பெயரும், திரைப்பிடிப்பில் தெரியும் கன்டெய்னர் அடையாள எண்ணின் முன்னொட்டும் உரைத் தேடலில் சிக்குவதில்லை.

ஆவணம் தமிழிலோ வேறு மொழிகளிலோ மொழிபெயர்க்கப்பட்டிருந்தால் தேடலில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை உருபை ஏற்கும்போது ஈற்றெழுத்து மாறிவிடுகிறது. கொள்கலம் என்று தேடினால் கொள்கலத்தை, கொள்கலத்தின் என்பவை அகப்படா. கொள்கல என்ற பகுதியைத் தேட வேண்டும். டாக்கர்ஷிம் என்பதை ஒருவர் டாக்கர் ஷிம் என்று பிரித்தும், இன்னொருவர் டாக்கர்சிம் என்றும், இலங்கை வழக்கில் எழுதுபவர் டொக்கர்ஷிம் என்றும் எழுதியிருக்கலாம். எல்லா வடிவங்களையும் பட்டியலில் சேர்த்த பிறகே மொழிபெயர்ப்புகளைத் தொடுங்கள்.

ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு முடிவு

இப்போது உங்கள் கையில் சில நூறு வரிகள் இருக்கும். கண்டுபிடித்து மாற்று என்ற ஒரே பொத்தானால் முடித்துவிடத் தோன்றுவது இங்கேதான். டாக்கர் என்று வரும் இடமெல்லாம் கன்டெய்னர்டி என்று மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் கற்பனை செய்து பாருங்கள். இமேஜை உருவாக்க உதவும் டாக்கர்ஃபைல் என்ற கோப்பின் பெயர் மாறிவிடும். இமேஜ்களைச் சேமிக்கும் தனியார் ரெஜிஸ்ட்ரிக்கான கடவுச்சொல்லை வைக்கும் டாக்கர்-ரெஜிஸ்ட்ரி என்ற சீக்ரெட் வகை இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. அதுவும் இல்லாத ஒன்றாக மாறிவிடும். டாக்கர் ஹப் என்ற தளத்தின் பெயர்கூடத் தப்பாது. சரியாக இருந்த பக்கங்கள் ஒரே நொடியில் கெட்டுவிடும்.

எனவே ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனியாகப் படித்து, அந்த வாக்கியத்தை நம்பிச் செயல்படும் வாசகர் இன்று என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லையென்றால் வாக்கியத்தை அழித்துவிடலாம். அழித்த பிறகு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ‘மேற்கண்ட இரண்டு வழிகளில்’ என்று அடுத்த பத்தி தொடங்கி, மேலே ஒரே வழி மிஞ்சியிருக்கும் பக்கங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர் வேறொன்றைச் செய்ய வேண்டுமென்றால் அந்த வேறொன்றை எழுத வேண்டும். பழைய பதிப்பை இன்னும் இயக்குபவருக்கு மட்டும் அது தேவைப்படுகிறதென்றால், பதிப்பு எண்ணால் வரம்பிட்டு வைத்துக்கொள்ளலாம். குபெர்னெட்டீஸின் கலைச்சொல் பட்டியலில் டாக்கர்ஷிம்முக்கான பதிவு நீக்கத்துக்குப் பிறகும் இருந்தது. 1.23 வரையிலான பதிப்புகளின் பாகம் அது என்றும், 1.24 முதல் நீக்கப்பட்டுவிட்டது என்றும் அது தெளிவாகச் சொன்னது. பழைய கட்டுரை ஒன்றில் அந்தச் சொல்லைச் சந்தித்துவிட்டு வந்து தேடுபவருக்கு அந்த இரண்டு வரிகள் போதும்.

வரம்பிடும்போது ‘தற்போது’, ‘இனிமேல்’, ‘சமீபத்தில்’ போன்ற சொற்களை விலக்கிப் பதிப்பு எண்ணையே எழுதுங்கள். எழுதிய நாளில் உண்மையாக இருந்த ‘தற்போது’ மூன்று ஆண்டுகள் கழித்துப் படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை.

நான்காவது முடிவு, தொடாமல் விடுவது. வெளியீட்டுக் குறிப்புகள், மாற்றப் பதிவேடு, ஒரு வடிவமைப்பை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதிவைத்த முடிவுப் பதிவுகள், பழைய பதிப்புகளுக்கான ஆவணக் கிளைகள் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. 1.20 இன் வெளியீட்டுக் குறிப்பில் டாக்கர்ஷிம் இருப்பது வரலாறு. அதை அழித்தால், எப்போது எது நடந்தது என்று தேடி வருபவருக்கு விடை இல்லாமல் போகும்.

மாற்றை எழுதும்போது

பழைய கட்டளைக்கு எதிரே புதிய கட்டளையை வைத்து ஓர் அட்டவணை போட்டால் போதும் என்று தோன்றும், அட்டவணை பயனுள்ளதுதான். நோடில் நின்று சிக்கலை ஆராய்பவர்கள் முன்பு டாக்கர் பிஎஸ், டாக்கர் லாக்ஸ், டாக்கர் எக்ஸெக் ஆகியவற்றைப் பயன்படுத்திய இடங்களில் இப்போது சிஆர்ஐ வழியாகப் பேசும் சிஆர்ஐசிடிஎல் கருவியின் அதே பெயர் கொண்ட துணைக்கட்டளைகளைப் பயன்படுத்தலாம். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் விடையும் ஒன்றாக இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். டாக்கர் பிஎஸ் ஒவ்வொரு பாடுக்கும் உரிய, அதன் நெட்வொர்க்கைப் பிடித்துவைத்திருக்கும் பாஸ் கன்டெய்னரையும் சேர்த்துக் காட்டியது. சிஆர்ஐசிடிஎல் பிஎஸ் அதைக் காட்டுவதில்லை, அதற்குப் பாட்ஸ் என்ற தனித் துணைக்கட்டளை இருக்கிறது. இமேஜ் உருவாக்கும் கட்டளை சிஆர்ஐசிடிஎல்லில் இல்லவே இல்லை. அதைக் கொண்டு நேரடியாக ஒரு கன்டெய்னரைத் தொடங்கினால், இயங்கும் கிளஸ்டரில் (நோடுகளின் கூட்டத்தில்) கியூப்லெட் சிறிது நேரத்தில் அதை நீக்கிவிடும். இந்த வேறுபாடுகள்தான் வாசகரைத் தடுமாற வைப்பவை என்பதால், அட்டவணைக்குக் கீழே இவற்றுக்கு முழு வாக்கியங்களில் இடம் கொடுங்கள்.

எழுதிய ஒவ்வொரு படியையும், அந்தப் பாகம் இல்லாத புதிய கணினி ஒன்றில் தொடக்கத்திலிருந்து செய்து பாருங்கள். உங்கள் அன்றாடக் கணினியில் பழைய பாகத்தின் மிச்சங்கள் இருக்கும். அங்கே எல்லாம் இயங்கும். பக்கத்தில் ஒட்டும் வெளியீட்டு உரையையும் புதிய கணினியிலிருந்தே எடுக்க வேண்டும். கட்டளை கன்டெய்னர்டியைச் சொல்லிக்கொண்டிருக்க, கீழே உள்ள மாதிரி வெளியீட்டில் டாக்கர் என்று தொடங்கும் அடையாள எண் தெரிந்தால், வாசகர் எதை நம்புவார்?

பக்கம் போனாலும் முகவரி நிற்க வேண்டும்

முழுக்க முழுக்க நீக்கப்பட்ட பாகத்தைப் பற்றியே இருந்த பக்கங்களை அழிப்பதற்கு முன், அவற்றுக்கு வரும் இணைப்புகளைக் கணக்கெடுங்கள். உங்கள் தளத்துக்குள்ளிருந்து வருபவற்றை இணைப்புச் சரிபார்ப்புக் கருவி காட்டிவிடும். பிறர் எழுதிய பயிற்சிகள், தேடுபொறிகள், மென்பொருளே அச்சிடும் பிழைச்செய்திகள் ஆகியவற்றிலிருந்து வருபவை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. பழைய பதிப்பின் நிரல், ‘மேலும் அறிய’ என்று ஒரு முகவரியைக் காட்டிக்கொண்டிருக்கிறதென்றால், அந்த நிரல் உலகில் எங்கோ ஓடும் வரை அந்த முகவரி திறக்க வேண்டும்.

மாற்றுப் பக்கம் இருந்தால் திசைமாற்றம் கொடுங்கள். குபெர்னெட்டீஸ் தளத்தைக் கட்டும் ஹியூகோ கருவியில் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே பழைய முகவரியை மாற்றுப்பெயராக எழுதிவிடலாம். தளத்தின் முகப்புக்குத் திருப்பிவிடுவது மட்டும் வேண்டாம். குறிப்பிட்ட ஒன்றைத் தேடி வந்தவர் முகப்பில் வந்து நின்றால், தான் தவறான இணைப்பைத் தொட்டுவிட்டதாக எண்ணி மீண்டும் பின்னே போய் அதையே தொடுவார்.

நேரான மாற்று இல்லாதபோது, ஒரு சிறு அறிவிப்புப் பக்கத்தை அந்த முகவரியிலேயே விட்டுவைப்பது நல்லது. பைத்தான் இதை அழகாகச் செய்திருக்கிறது. பெப் 594 என்ற முன்மொழிவின்படி 19 தொகுதிகள் 3.11 பதிப்பில் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 2024 அக்டோபரில் வந்த 3.13 இல் நீக்கப்பட்டன. டெல்நெட்லிப் போன்ற அந்தத் தொகுதிகளின் பக்கங்களை இன்று திறந்தால் சில வரிகளே இருக்கும்: எப்போது கைவிடப்பட்டது, எப்போது நீக்கப்பட்டது, எந்த முன்மொழிவு அதை முடிவு செய்தது, இதைக் கொண்டிருந்த கடைசிப் பதிப்பு 3.12 என்ற செய்தி. பழைய நிரலைச் சரிசெய்ய வந்தவருக்கு அதற்கு மேல் அங்கே எதுவும் தேவையில்லை.

பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது, அந்தப் பகுதியின் தலைப்புக்கு நேராக வரும் உள்ளிணைப்புகள் மௌனமாக உடைகின்றன. பக்கம் திறந்துவிடுவதால் யாருக்கும் பிழை தெரிவதில்லை. தலைப்பை மாற்றி எழுதும்போதும் பழைய அடையாளத்தை நங்கூரமாக விட்டுவையுங்கள்.

சேர்ப்பதும் காவலும்

மாற்றங்களைச் சமர்ப்பிக்கும்போது, யோசிக்கத் தேவையற்ற இயந்திர மாற்றங்களை ஒரு தொகுதியாகவும், தீர்ப்பு தேவைப்பட்டவற்றைப் பக்கத்துக்கு ஒன்றாகவும் பிரியுங்கள். முந்நூறு வரிகள் ஒரே தொகுதியில் வந்தால் சரிபார்ப்பவர் கண்ணை ஓட்டிவிட்டு ஒப்புதல் தந்துவிடுவார். புதிய பதிப்பின் ஆவணங்களுக்கெனத் தனிக் கிளை இருந்தால் அங்கேயே வேலை செய்து, நிரல் வெளியாகும் நாளில் சேருங்கள். முன்கூட்டியே நடப்புக் கிளையில் சேர்த்தால், அன்றைக்கு அந்தப் பாகத்தை வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டல் மறைந்துவிடும்.

நீக்கிய பெயர் திரும்பி வராமல் இருக்கவும் ஏற்பாடு தேவை. பழைய பக்கத்திலிருந்து நகலெடுத்துப் புதிய பக்கம் எழுதுவது எல்லாரும் செய்வது. நகலோடு பழைய கொடியும் வந்துவிடும். தேடல் பட்டியலில் இருந்த சொற்களை ஆவணக் களஞ்சியத்தின் தானியங்கிச் சோதனையில் சேர்த்து, விலக்கு அளிக்க வேண்டிய கோப்புகளை, அதாவது வெளியீட்டுக் குறிப்புகள், கலைச்சொல் பட்டியல், இடம்பெயர்வு வழிகாட்டி ஆகியவற்றை, பெயர் சொல்லிக் குறித்துவிடுங்கள். விலக்குக்கான காரணத்தை அதே கோப்பில் ஒரு வரியாக எழுதிவைத்தால், அடுத்து வருபவர் அது மறதியால் விடுபட்டதா, வேண்டுமென்றே வைத்ததா என்று குழம்பமாட்டார்.

பதிப்பு எண்ணால் வரம்பிட்டு வைத்த குறிப்புகளுக்கு இரண்டாம் சுற்று ஒன்று உண்டு. அதற்கான நாளை முதல் சுற்றிலேயே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். குபெர்னெட்டீஸ் தளம் நடப்புப் பதிப்போடு அதற்கு முந்தைய நான்கு பதிப்புகளின் ஆவணங்களை வைத்திருக்கிறது. அந்தக் கணக்கின்படி 2023 ஆகஸ்டில் 1.28 வந்தபோது, வரிசையின் பழைய முனை 1.24 ஆயிற்று. டாக்கர்ஷிம் இருந்த பதிப்பு எதுவும் அதன் பிறகு அந்த வரிசையில் இல்லை. அப்படியொரு நாளில், பக்கந்தோறும் ‘1.23 வரை’ என்று சேர்த்த இடைக்குறிப்புகளை எடுத்துவிடலாம். இடம்பெயர்வு வழிகாட்டியை மட்டும் எடுக்க வேண்டாம்; பழைய கிளஸ்டர்களை மெதுவாக உயர்த்திக்கொண்டு வருகிறவர்கள் அதற்குப் பிறகும் அந்தப் பக்கத்தைத் தேடி வருவார்கள்.